தாண்டிப் படித்த பக்கங்கள்

என் மாமனாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. காலை ஆறரைக்குக் கையில் ஊசி ஏற்றினால் பத்தரை வரை படுக்கையை விட்டு அசைய முடியாது. மருந்துக் கடையில் எனக்கு மதிய ஷிஃப்ட் என்பதால் அவரை அழைத்துப் போவதும் கூட இருப்பதும் என் பொறுப்பு. அந்த டயாலிசிஸ் வார்டில்தான் டெக்னீஷியன் அக்காவைப் பார்த்தேன். ஆறு படுக்கை, ஆறு இயந்திரம், நடுவில் ஒரு சுழல் நாற்காலி. அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது, புத்தகம் வந்த பிறகுதான்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். இந்த இயந்திரங்களைப் பொருத்த ஒரு கம்பெனி சார்பில் இரண்டு வாரத்துக்கு வந்தார். அதன் உள்ளே ரத்தம் எப்படிப் போகிறது, எப்படித் திரும்புகிறது என்று கேட்டுக் கேட்டுப் பெரிய டாக்டரைக் குடைந்ததில், நீங்கள் இங்கேயே இருந்துவிடுங்கள் என்று அவர் சொல்லிவிட்டாராம். அதற்கான படிப்பையும் பிறகு படித்தார். பத்தொன்பது வருடம் ஆகிறது. அவர் கணவர் தராசு பழுது பார்ப்பவர். அவர்கள் வீட்டில் எந்தப் பொருளும் முழுசாக இருக்காது என்பது வார்டில் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை. புதிதாக வாங்கிய வாஷிங் மெஷின் ஓடத் தொடங்கும் முன் இரண்டு தடவை 'டிக்' என்றதாம். ஒரு 'டிக்' போதாதா, இரண்டாவது எதற்கு என்று வந்த அன்றே பின்பக்கத்தைக் கழற்றிவிட்டார். மூன்று நாள் துணியெல்லாம் கையால்தான் துவைத்தார்களாம். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்களா என்று கேட்டேன். "அரைவாசி தெரிஞ்சுது" என்றார், ஏதோ பரிசு வாங்கியவர் போல.

வார்டில் ஒரு டிவி இருந்தது. எந்தச் சேனல் என்று தினமும் சண்டை. ஒரு நாள் அது கண்ணை மூடிவிட்டது. அக்காவே திறந்து பார்த்துவிட்டு, இதற்கு இனி உயிர் வராது என்று கை கழுவினார். புதியது வரும் என்றார்கள், வந்தபாடில்லை. அதே வாரத்தில் நாலாம் படுக்கைக்காரருக்கு மாற்றுச் சிறுநீரகம் உறுதியானது. விடைபெற வந்தவர் தடிமனான ஒரு புத்தகத்தை அக்காவிடம் கொடுத்தார். "இனிமே எனக்கு நாலு மணி நேரம் சும்மா கிடைக்காது. நீங்க வெச்சுக்கோங்க" என்றார். தமிழில் மொழிபெயர்த்த ஒரு பிரெஞ்சு நாவல். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

முதல் ஒரு மணி நேரம் அக்காவுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். பிறகு எல்லாம் சீராக ஓடும்போது காது ஆறு இயந்திரத்தின் மீதும் இருக்க வேண்டும், வாய் சும்மாதான் இருக்கும். அந்த வாயால் படிக்கலாமே என்று தலைமை நர்ஸிடம் அனுமதி கேட்டார். அலாரம் அடித்தால் பாதி வாக்கியத்திலும் எழுந்துவிட வேண்டும் என்பது நர்ஸ் போட்ட நிபந்தனை.

நாவல் ஒரு துறைமுக ஊரில் தொடங்கியது. சாயப்பட்டறை முதலாளி ஒருவரின் மூத்த மகள்தான் நாயகி. ஆனால் அவள் வருவதற்கு முன் ஒன்பது பக்கத்துக்கு அந்தப் பட்டறையின் வர்ணனை. சுவர் எப்படி, தொட்டி எப்படி, வடிகால் எந்தப் பக்கம் என்று போய்க்கொண்டே இருந்தது. என் மாமனார் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். கடைசிப் பன்னிரண்டு வருடம் எங்கும் நிற்காத எக்ஸ்பிரஸ். அவருக்கு இது பொறுக்குமா?

"ஏம்மா, வண்டி கிளம்புமா கிளம்பாதா? ரெண்டு நாளா ஷெட்டுலயே நிக்குது" என்றார்.

மற்றவர்களும் அவர் பக்கம்தான். பக்கத்துப் படுக்கை தையல்காரம்மா மட்டும் வாய் திறக்கவில்லை. கடைசிப் படுக்கையில் ஒரு ஓய்வு பெற்ற நில அளவையாளர், சர்வேயர் என்றே எல்லோரும் கூப்பிடுவோம். அவர் எதற்குமே வாய் திறக்க மாட்டார்.

அக்கா பட்டறையைப் பாதியிலேயே விட்டுவிட்டுத் தாண்டிப் படிக்கத் தொடங்கினார். 'அந்த அறையில்' என்றோ 'தெருவின் இருபுறமும்' என்றோ ஒரு பத்தி ஆரம்பித்தால் கண்ணாலேயே எகிறிக் குதித்து, யாராவது வாயைத் திறந்து பேசும் இடத்தில் இறங்குவார். கதை பறந்தது. தங்கை காணாமல் போனாள், அப்பா அவள் பெயரையே சொல்லக் கூடாது என்றார், மூத்தவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மூன்றே வாரத்தில் இருநூற்றைம்பது பக்கம். மாமனாருக்குப் பரம திருப்தி.

அப்புறம் அந்த மூத்தவள் தங்கையைத் தேடி வீட்டை விட்டுப் போகும் கட்டம் வந்தது. அக்கா குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிதானமாகப் படித்தார். 'அவள் கையுறையை அணிந்துகொண்டாள். கதவைத் திறந்தாள். வெளியே மழை விட்டிருந்தது.' அதோடு அத்தியாயம் முடிந்தது. அக்கா நிமிர்ந்து பார்த்தார். வார்டில் ஒரு சலனமும் இல்லை.

"போனா போகட்டும். அடுத்து?" என்றார் மாமனார்.

தையல்காரம்மா மட்டும் ஒன்று கேட்டார். "கையுறை எதுக்குப் போட்டுக்கிட்டா? குளிரா?"

அக்காவுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் அவருக்கு ஆகாத விஷயமாயிற்றே. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய், சமையலறையில் நின்றபடியே பட்டறையைப் பற்றிய அந்த ஒன்பது பக்கத்தையும் படித்திருக்கிறார். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததாக அவர் கணவர் பிறகு ஒரு நாள் சொன்னார்.

அடுத்த முறை நாங்கள் போனபோது கதையைத் தொடராமல் அந்த ஒன்பது பக்கத்தைத்தான் முதலில் படித்தார். மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பட்டறையும் வீடும் ஒரே கட்டடம். சாயம் சுவரோடு நிற்கவில்லை. ரொட்டி நறுக்கும் பலகை நீலம், தண்ணீர்க் குவளையின் காது நீலம், கதவுக் கைப்பிடி எல்லாம் நீலம். கதவோரத்தில் குழந்தைகள் தொட்டுத் தொட்டு வளர்ந்த விரல் தடங்கள், ஒவ்வொரு வயதுக்கும் ஒரு உயரத்தில். இந்த வீட்டில் பிறந்த எவர் கையும் வெளுப்பாக இருக்காது என்று அப்பாக்காரருக்குப் பெருமை. இவ்வளவும் படித்துவிட்டு அக்கா புத்தகத்தைப் புரட்டி, கையுறை வரும் அந்த மூன்று வரிக்குப் போனார்.

தையல்காரம்மாதான் முதலில் பேசினார். "அப்படின்னா அந்தக் கைப்பிடியைத் தொடாமலே போயிருக்கா."

அவ்வளவுதான். அக்காவுக்குப் பிடித்துக்கொண்டது. தான் தேவையில்லை என்று கழற்றிப் போட்டது ஒரு வேலை செய்யும் பாகம் என்று தெரிந்துவிட்டால் அவர் சும்மா இருப்பாரா? அதற்காக எல்லா வர்ணனையும் வேண்டும் என்று சட்டென்று முடிவு கட்டவும் மனசு வரவில்லை. சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார்.

செவ்வாய், வியாழன், சனிக்கு வேறு ஆறு பேர் வருவார்கள். அவர்களுக்கு முதல் பக்கத்திலிருந்து ஒரு வரி விடாமல் படிப்பது. எங்களுக்குப் பழையபடி தாண்டிப் படிப்பது. இரண்டு பக்கமும் யாருக்கும் சொல்லக் கூடாது. என்னிடம் மட்டும் சொன்னார், ஏனென்றால் மாமனாரை எடை பார்க்கும் நேரத்தில் நான் அவர் நோட்டைப் பார்த்துவிட்டேன். மூன்றாம் மணியில் ஒவ்வொருவரிடமும், இப்போது மணி என்ன இருக்கும் என்று ஊகிக்கச் சொல்வார். இதற்காகவே இயந்திரத் திரைகளை எல்லாம் தன் பக்கம் திருப்பி வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பழுது பார்க்க வேண்டும் என்று கழற்றிக்கொண்டார். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரே ஒரு கேள்வி. இதுவரை கதையில் என்ன நடந்தது?

ஐந்து வாரம் இப்படிப் போனது. தாண்டிப் படித்தால் நேரம் ஓடும், வர்ணனை வந்தால் நேரம் ஊரும் என்பதுதான் அவர் போட்ட கணக்கு. கணக்கு உதைத்தது. எங்கள் ஆட்கள் பெரும்பாலும் உண்மையான மணியைவிட அதிகமாகவே சொன்னார்கள், நேரம் அவர்களுக்கு ஊர்ந்திருக்கிறது. அந்தப் பக்கத்து ஆட்கள் சில நாள் முக்கால் மணி குறைத்துச் சொன்னார்கள், சில நாள் ஒரு மணி கூட்டிச் சொன்னார்கள். நகரசபைக் கட்டடத்தின் வரலாறு என்று ஐந்து பக்கம் வந்த அன்று நாலு பேர் குறட்டை. "எனக்கே கொட்டாவி வந்துச்சு. எழுதினவரும் தூங்கிக்கிட்டேதான் எழுதியிருப்பாரு" என்றார் அக்கா.

ஆனால் கதையைச் சொல்லச் சொன்னபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. எங்கள் ஆட்கள், அவள் போனாள், இவன் வந்தான், சண்டை போட்டார்கள் என்று மளிகைச் சீட்டு வாசிப்பதுபோல் வரிசையாக ஒப்பித்தார்கள். அவர்களோ எங்கிருந்தாவது ஆரம்பித்தார்கள். அந்த வளைந்த மாடிப்படியிலிருந்து ஒருவர், வக்கீல் வீட்டு முன்னறையில் இருந்த காலொடிந்த நாற்காலியிலிருந்து ஒருவர்.

அக்கா நோட்டை வைத்துக்கொண்டு எந்த இடத்தில் தூங்கினார்கள், எந்த இடத்தில் விழித்திருந்தார்கள் என்று பென்சிலால் கோடு போட்டார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இங்க பாருங்க. வக்கீல் வீட்டுல மூத்தவ காத்துக்கிட்டு உக்காந்திருக்கா. அவர் கூப்பிடவே இல்ல. அதனால நாற்காலியைப் பாக்குறா, திரையைப் பாக்குறா, கம்பளத்துல இருக்குற ஓட்டையை எண்ணுறா. பதினோரு பக்கம். ஒருத்தர்கூடத் தூங்கல. நகரசபையை யாரு பாத்தா? யாருமே பாக்கல. எழுத்தாளர் மட்டும் தனியா நின்னு பேசிக்கிட்டிருந்தாரு."

எனக்கும் அது சரி என்றே பட்டது. கதை நின்றுவிட்டது என்று நாம் நினைக்கிற இடத்தில், நிற்க வைக்கப்பட்டவள் அவள்தான். அந்தப் பதினோரு பக்கமும் அவள் காத்திருந்த நேரம். ஆனால் அக்கா அதையும் முடிவாக எழுதிக்கொள்ளவில்லை. யாருமே பார்க்காத ஒரு கடற்கரை மூன்று பக்கம் வந்திருந்தது. அதில் எல்லோரும் விழித்திருந்தார்கள். அதற்கு என்ன காரணம் என்று அவருக்கும் பிடிபடவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தார்.

அடுத்து வந்தது மலைப்பாதை. மூத்தவள் தங்கையைத் தேடி ஒரு குதிரைவண்டியில் மலையைத் தாண்டுகிறாள். அந்த இறக்கத்துக்கு ஏழு பக்கம். சோதனையின்படி எங்களுக்கு அது கிடையாது. வண்டி ஏறினாள், அடிவாரத்தில் வண்டி கவிழ்ந்தது என்று இரண்டே வரியில் போயிருக்க வேண்டும். அக்கா பக்கத்தைத் திருப்பப் போனவர், மாமனாரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு திருப்பாமல் படித்தார். ஐந்து வாரச் சோதனையை அவரே கெடுத்துக்கொண்டார்.

முதல் வளைவு, இரண்டாம் வளைவு, இடது பக்கம் பாறை, வலது பக்கம் ஒன்றும் இல்லை. மாமனார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். மூன்றாம் வளைவில் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"அந்த இடத்துல கடிவாளத்தை இழுத்திருக்கக் கூடாது. இதை எழுதின ஆளு வண்டி ஓட்டினதே இல்ல."

அக்கா படித்து முடித்தார். வண்டி கவிழ்ந்தது. தையல்காரம்மா போர்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போது மாமனார் சொல்ல ஆரம்பித்தார்.

அந்தக் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு தடவை மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை, மண்மேட்டில் மோதி நிறுத்தினேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பார். நான் கல்யாணமாகி வந்த பதினாலு வருடத்தில் இதே மூன்று துண்டைத்தான் கேட்டிருக்கிறேன். என் கணவர் பிறந்ததிலிருந்து கேட்டதும் அதுவேதான்.

அன்று வார்டில் அது முக்கால் மணி நேரம் நடந்தது. காற்று இறங்கிப்போய் பிரேக் மிதி கீழே போன விதம். நாலாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு இறங்க மறுத்துக் கியர் பெட்டி கத்திய சத்தம். எதிரே ஒரு மைல்கல், அதன்மேல் சாலைப் பணியாளர் யாரோ காயப்போட்டிருந்த சட்டை, அதில் ஒரு கை மட்டும் காற்றில் ஆடியது. முன் சீட்டில் ஒரு அம்மாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். வண்டி போகும் போக்கு அவருக்குத் தெரியவில்லை. தோல் பிய்க்கும் வாசனை மாமனாருக்கு வந்தது. ஐம்பத்திரண்டு பேரில் அந்த அம்மாளுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று தோன்றியதாம். ஏன் என்று தெரியாதாம்.

மூன்றாம் வளைவை ஒடிக்கும் இடம் வந்தபோது இரண்டு கையையும் தூக்கி ஸ்டியரிங்கைத் திருப்பினார். ஊசி இருந்த கை மடங்கியது. இயந்திரம் அலறியது. அக்கா ஒரே எட்டில் வந்து அந்தக் கையைப் பிடித்து நேராக்கி, அலாரத்தை நிறுத்தினார்.

"ஒத்தைக் கையால ஓட்டுங்க ஐயா. மைல்கல் எந்தப் பக்கம்னு சொன்னீங்க?"

வேறு யாராக இருந்தாலும், விடுங்கள், பழசை நினைக்காதீர்கள் என்று தேற்றியிருப்பார்கள். அக்கா கேட்டது மைல்கல்லை. மாமனாரும் அதற்குத்தான் காத்திருந்தவர்போல், வலது பக்கம் என்று சொல்லிவிட்டு வண்டியை மீதி தூரம் இறக்கி, ஜல்லிக் குவியலில் ஏற்றி, மண்மேட்டில் உரசி நிறுத்தினார்.

"மொத்தம் நாப்பது செகண்டும்மா. அப்புறம் அளந்து சொன்னாங்க. ஆனா நான் எல்லாத்தையும் பாத்தேன்."

இத்தனை நாள் ஏன் இதை மூன்று வரியில் சொன்னீர்கள் என்று அக்கா கேட்டார்.

"யாரு கேட்டா? ஆள் செத்துச்சான்னுதான் எல்லாரும் கேட்டாங்க. இல்லன்னேன். அதோட முடிஞ்சு போச்சு."

நானும் அதைத்தான் கேட்டிருந்தேன். அன்று மாலை கணவரிடம் சொன்னேன். அவர் அப்பாவின் கட்டிலில் போய் உட்கார்ந்து, அந்தச் சட்டை என்ன நிறம் என்று கேட்டார். உள்ளே போய்ப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பேச்சுச் சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டது.

அதற்கு அப்புறம் மாமனார் கட்சி மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. எல்லாம் படிக்கலாம், ஆனால் நகரசபை மாதிரி ஏதாவது வந்தால் கை தூக்குவேன், நிறுத்திவிட வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார். எந்தக் கையைத் தூக்குவது என்பதையும் அக்கா அதில் சேர்த்துக்கொண்டார். நாவல் முடிவதற்குள் இரண்டே தடவைதான் கை தூக்கினார். ஒரு தடவை தையல்காரம்மா வேண்டாம் என்று எதிர்த்துவிட்டார், அது ஒரு திருமண உடையின் வர்ணனை.

நாவலின் கடைசிப் பகுதியில் ஒரு விடுதி வருகிறது. தங்கை அங்கேதான் இருக்கிறாள். இத்தனை விஸ்தாரமாக எழுதுகிறவர் அந்த விடுதியை ஆறே வரியில் முடித்திருந்தார். அக்காவுக்கு அது இடித்தது. சாயப்பட்டறைக்கு ஒன்பது, மலைக்கு ஏழு, கதை போய்ச் சேருகிற இடத்துக்கு ஆறு வரியா? பதிப்பகத்தின் முகவரிக்கு மொழிபெயர்ப்பாளர் பெயரைப் போட்டு ஒரு கடிதம் எழுதினார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. மொழிபெயர்ப்பாளருக்கு எண்பது வயதாம். புத்தகம் தடிமனாகிறது என்று பதிப்பகத்தார் சொன்னதால், விடுதியின் பதினாலு பக்கத்தைத் தானே வெட்டியதாகவும், இத்தனை வருடத்தில் அதைக் கண்டுபிடித்துக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்றும் எழுதியிருந்தார். கூடவே அந்தப் பதினாலு பக்கத்தின் பிரெஞ்சு நகல். தமிழாக்கம் செய்து தர இப்போது கண் ஒத்துழைக்கவில்லையாம்.

வேறு யாராவது என்றால் நகலை மடித்து வைத்திருப்பார்கள். அக்கா ஒரு அகராதியும், பிரெஞ்சு கற்றுக்கொள்ளும் பாடநூல் ஒன்றும் வாங்கினார். பஸ்ஸில் வரும்போது வினைச்சொல் மனப்பாடம், இயந்திரங்களைக் கழுவும்போது உச்சரிப்பு. ஒரு நாளைக்கு மூன்று வரி தேறினால் பெரிய விஷயம். வெள்ளிக்கிழமைதோறும், அந்த வாரம் எவ்வளவு தமிழாகியிருக்கிறதோ அதைப் படிப்பார்.

"இந்த வேகத்துல போனா, அந்தப் பொண்ணு விடுதிக்குள்ள நுழையுறதுக்குள்ள எனக்கு ரெண்டு கிட்னியும் திரும்ப முளைச்சிடும்" என்றார் மாமனார். ஆனாலும் வெள்ளிக்கிழமை மட்டும் ஆறு மணிக்குப் பதில் ஐந்தரைக்கே கிளம்பி நின்றார்.

நாலாவது பக்கம் வந்தபோதுதான் சர்வேயர் வாயைத் திறந்தார். ஒரு காகிதம் கேட்டு, ஊசி இல்லாத கையால் விடுதியின் வரைபடத்தைப் போட்டார். வாசல், முற்றம், அடுப்பறை. அக்கா படிக்கப் படிக்கக் கோடு இழுத்தார். பிறகு பென்சிலை வைத்துவிட்டார்.

"மாடிப்படி சமையலறைக்குள்ளதான் போய் இறங்குது. வாசல்ல இருந்து வர்றவங்களுக்கு மேல போக வழியே இல்லையே?"

அக்கா எழுந்து போய்ப் பார்த்தார். மாமனார், தையல்காரம்மா எல்லோரும் காட்டச் சொன்னார்கள். காகிதம் படுக்கை படுக்கையாகச் சுற்றியது. எழுத்தாளர் தப்பு செய்துவிட்டார் என்றார் மாமனார். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருப்பார், தங்கை யார் கண்ணிலும் படாமல் இறங்கி வர என்றார் தையல்காரம்மா. தன் பிரெஞ்சுதான் தப்பாக இருக்கும் என்று அக்கா சொன்னார். 'மேலே' என்பதற்கும் 'அந்தப் பக்கம்' என்பதற்கும் தான் குழம்பியிருக்கலாமாம்.

இன்னும் பத்துப் பக்கம் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை வரை படி எங்கே இறங்குகிறது என்று தெரியவில்லை. அக்கா மட்டும் அந்தப் பத்தியை மறுபடி மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார்.